கூரை மேலே கொசுப் பண்ணை!



"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்று நம் பெரியவர்கள் கேலி செய்வார்கள். டிங்கிக் காய்ச்சல் விஷயத்தில் நம் நிலைமையும் இன்று அப்படித்தான் இருக்கிறது. புகை அடிக்க ஆள் வரவில்லை என்று சுகாதார இலாகாவைக் குறை சொல்கிறோம். ஆனால் நம் வீட்டுக் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய மாட்டியிருக்கும் தகரக் கால்வாயை எட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சின்ன விஷயந்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உயிர் போகிற விஷயம் இது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்து மக்களை வாட்டி எடுத்தது மலேரியா. 1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தை வடித்து, அதை அடக்கிக் காட்டினார். பிற்பாடு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. அன்றுமுதல் நமக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கொசு என்றதும் சாக்கடையையும் புதரையும் பார்ப்போம். பாகான் செராய்ப் பக்கம் இன்னொரு பேச்சும் உண்டு. 1906-இல் புக்கிட் மேரா அணைத் தண்ணீர் பாயத் தொடங்கிய நாள்முதல் நம்மைச் சுற்றி நெல்வயல்தானே! "கொசுவெல்லாம் வயலிலேருந்து வருதுங்க, நாம என்னா பண்ண முடியும்?" என்று கேட்கிறார்கள்.

வயலிலிருந்தும் கொசு வருகிறது, கடிக்கிறது, உண்மைதான். ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வயலில் பிறப்பதில்லை. நாற்றமெடுக்கும் பெரிய சாக்கடையும் அதற்கு அவ்வளவாக ஆகாது. அதற்கு வேண்டியது மழை பெய்து தேங்கி, ஆடாமல் அசையாமல் நிற்கும் கொஞ்சம் தண்ணீர். பழைய டயர், பூச்சாடித் தட்டு, மூடாத பீப்பாய், கொட்டாங்கச்சி இவற்றையெல்லாம் நாம் கவிழ்த்து வைக்கக் கற்றுக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் பாக்கி. அதுதான் கூரைக் கால்வாய்.

தகரக் கால்வாய் எப்படிக் கொசுப் பண்ணையாகிறது? பால்மரம் இலை உதிர்ப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. வீட்டுப் பக்கத்து ரம்புத்தான், மாமரத்துச் சருகு வேறு. காற்றடித்து அவ்வளவும் கால்வாயில் போய் விழுகிறது. அடுத்து ஏப்ரல், மே மழை. சருகு ஊறி, கீழே இறங்கும் குழாய் வாயை அடைத்துக்கொள்கிறது. பாரம் தாங்காமல் கால்வாய் நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறந்துவிடுகிறது. அது தூரமாகப் போகாது. நூறு இருநூறு மீட்டருக்குள் உங்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும்.

"வெயில் அடிச்சா தானா காஞ்சிடும் ஐயா" என்பார்கள். தண்ணீர் காயும், முட்டை சாகாது. ஏடிஸ் முட்டை கால்வாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஆகையால் சருகை அள்ளினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இது என் கற்பனை அல்ல. ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரத்தில் ஏடிஸ் பெருகும் முக்கிய இடங்களில் ஒன்று கூரைக் கால்வாய் என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் புதிய கட்டடங்களுக்குக் கூரைக் கால்வாய் வைப்பதையே தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது, 182 பேர் மாண்டார்கள்.

சரி, இந்தக் கால்வாயைச் சுத்தம் செய்வது யார் வேலை? வாரச் சோதனைக்குப் போகும்போது நான் கேட்கும் பதில் இரண்டு. "அது மானேஜ்மெண்ட் வேலைங்க" என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். "குடியிருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள் ஆபீசில். இரண்டுக்கும் நடுவே கொசு சுகமாக வளர்கிறது!

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கூரையும் கூரைக் கால்வாயும் கட்டடத்தைச் சேர்ந்தவை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446) வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைக்கும் பொறுப்பை முதலாளி மீது சுமத்தியிருக்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டும் இருக்கிறது. வாரம் ஒரு தடவை வீடுகளைப் பார்வையிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஏணி, ஆள், தகரம், ஆணி எல்லாம் நிர்வாகம் கொடுக்க வேண்டியவை. துருப்பிடித்து ஓட்டை விழுந்த கால்வாயை மாற்றட்டும். மாற்ற மனமில்லையென்றால் கழற்றியாவது எறியட்டும். அலங்காரத்துக்குத் தொங்கும் கால்வாய் யாருக்கும் வேண்டாம்.

நமக்கும் பங்கு உண்டு. பீப்பாயை மூடுவது, முற்றத்தைப் பெருக்குவது, கால்வாய் வழிந்தால் அன்றைக்கே சொல்வது நம் வேலை. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். வீட்டு நம்பரைப் போட்டுக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் தேதி போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்கட்டும். தோட்டம் கைமாறி, துண்டாடப்பட்டு, பழைய லயத்தில் யாருமற்றுக் குடியிருப்பவர்கள் அக்கம் பக்கம் சேர்ந்து கோத்தோங் ரோயோங் செய்யுங்கள். வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர் தங்கும் லயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொசு பாஸ்போர்ட் கேட்டுக் கடிப்பதில்லை.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை முழுச் சுத்தம். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை பார்வை. ஏணியைச் சமதரையில் வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மழையிலும் மின்னலிலும் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மின்கம்பி அருகில் போகாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதன்மேல் கால் வைக்கவே கூடாது, உடைந்து உள்ளே விழுவீர்கள். அதைச் சுரண்டவும் கூடாது, தூள் நுரையீரலைக் கெடுக்கும். கையுறை போடுங்கள், சருகில் தேளும் எலிப் புழுக்கையும் இருக்கும். கழுவியபின் ஒரு வாளித் தண்ணீரை மேட்டுப் பக்கம் ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே தாங்கியைத் தூக்கிக் கட்ட வேண்டும். பத்தடிக்குக் கால் அங்குலமாவது சாய்வு வேண்டும். கால்வாய்த் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பவர்கள் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் அபேட் மருந்து போட்டு, இறுக மூடி வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். பனடோல் போதும், ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் "சொகமாயிடுச்சு" என்று பால்வெட்டவோ குலை வெட்டவோ கிளம்பாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, சூடு தணியும் அந்த நேரந்தான் ஆபத்து. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொழுது பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னே, உங்கள் வீட்டுக் கூரை ஓரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். புல் முளைத்த கால்வாய், நடுவில் தொய்ந்த கால்வாய், வாசலில் சொட்டும் கால்வாய் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். அந்தக் காகிதத்தோடு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள்.