வரிசை கொழும்பில், செலவு பல்லேகமயில்

பல்லேகமக்காரருக்குக் கொழும்புத் துறைமுகம் நக்கிள்ஸ் மலைக்கு அப்பால், வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே வயலுக்குப் போடும் உரமும் கடையில் நிறுத்து வாங்கும் பருப்பும் கப்பலில் வருபவை. இங்கே காயும் மிளகு வெளிநாடு போவதும் கப்பலில்தான். துறைமுக வாசலில் லொறி நிற்க நிற்க வாடகையும் தாமதக் கட்டணமும் ஏறும். இறக்குமதியாளர் அதை விலையில் சேர்த்துவிடுவார். ஏற்றுமதியாளர் கொள்விலையில் கழித்துவிடுவார். சேர்க்கவும் கழிக்கவும் இடமில்லாதவர் விவசாயிதான்.

2025 ஜனவரியில் கொழும்பில் கொள்கலன்கள் தேங்கி, லொறிகள் நீண்ட வரிசையில் நின்றன. நெரிசலைத் தணிக்கவென்று, பரிசோதனைக்குக் குறிக்கப்பட்டிருந்த 323 கொள்கலன்கள் பரிசோதனையின்றியே விடுவிக்கப்பட்டன. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. பரிசோதனையைக் கைவிட்டு வரிசையைக் கரைப்பதை ஏற்கவே முடியாது. ஒழுங்காகக் கணக்குக் காட்டும் வணிகருக்கு விரைவு வழி, சந்தேகமானவற்றுக்கு முழுச் சோதனை என்று பிரிப்பதே முறை.

கொழும்பு கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கப்பல் மாறிப் போகிறவை. அவை வீதிக்கே வருவதில்லை. மிச்சப் பங்குதான் நம் தெருக்களை அடைக்கிறது. ஆகவே 2025 ஏப்ரலில் மேற்கு முனையம் இயங்கத் தொடங்கியது நல்லதே என்றாலும், அதனால் மட்டும் லொறி வரிசை குறையாது. நகருக்குள் நெரிசல் நேரத்தில் கொள்கலன் லொறிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அப்படியானால் இரவே வழி. ஆனால் சுங்கம், தாவரத் தடுப்புக்காப்பு, வங்கி, களஞ்சியசாலை ஆகிய எல்லாமே இரவில் விழித்திருக்க வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் 24 மணி நேரமும் இயங்கும் என்று 2021 அக்டோபரில் அறிவித்தார்கள். பல களஞ்சியங்கள் இரவில் திறக்காததால் லொறிகள் அதிகம் வரவில்லை. 2022 ஜனவரியில் நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலில் காத்துக் கிடந்தன.

ரயிலை நாம் மறந்தே போனோம். மலைநாட்டு விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கவே ரயில் பாதை போடப்பட்டது. 1880இல் அது மாத்தளைக்கு வந்தது. இன்று நாட்டின் சரக்கில் மிகச் சிறிய பங்கே ரயிலில் போகிறது. தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் இறக்குமதி வெங்காயமும் கிழங்கும் லொறியிலேயே ஏறுகின்றன. ஹபரணை ரயில் நிலையம் அங்கிருந்து தொலைவில்லை. அங்கே ஒரு சரக்கு இறக்குதளம் அமைந்தால், கொழும்பு வீதியிலும் அம்பேபுஸ்ஸ–திருகோணமலை வீதியிலும் பாரம் குறையும்.

துறைமுக அதிகார சபை, சுங்கம், ரயில்வே, லொறி உரிமையாளர், வணிகர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரட்டும். துறைமுகத்தையே களஞ்சியமாக்கிப் பொருளை எடுக்காமல் வைத்திருக்கும் இறக்குமதியாளரும் தம் பங்கை ஒப்புக்கொள்ளட்டும். வரிசையில் காத்துக் கிடக்கும் சாரதிக்குக் கழிப்பறையும் குடிதண்ணீரும் கொடுப்பதற்கு எந்தக் குழு அறிக்கையும் தேவையில்லை. அதை இந்த மாதமே செய்யுங்கள்.