பலெற் பலகையில் சுவர் எழுப்பலாமா?

அண்மைக் காலமாக லண்டனில் எம்மவர் வீட்டுப் பின்வளவுகளில் ஒரு புதுப் பழக்கத்தைக் காண்கிறேன். கடைகளுக்குச் சாமான் வந்திறங்கும் மரத்தட்டுகளை, அதாவது பலெற்றுகளை, எடுத்து வந்து கொட்டில் அடிக்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய் அறையே கட்டிவிடுகிறார்கள். வீணாகும் மரத்தைப் பயன்படுத்துவது நல்ல விடயம்தான். ஆனால் வைத்தியராக எனக்கு ஒரு கேள்வி: அந்தச் சுவருக்குள் இருக்கப் போவது சைக்கிளா, மனிதரா?

கொட்டில்தான் என்றால் சில கவனங்கள் போதும். நாடு விட்டு நாடு வரும் பலெற்றில் கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை இருக்கும். மரப்பூச்சிகள் பரவாமல் தடுக்க 2002இல் வந்த சர்வதேச விதி அது. அதில் ‘எச்.ரி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயு அடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதை நிறுத்திவிட்டது. வேறு நாடுகளிலிருந்து வருவதில் இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தப் பலகையில் முன்பு என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது. கறையோ மணமோ இருந்தால் வேண்டாம்.

உடைக்கும்போது கையுறையும் தூசு முகமூடியும் அணியுங்கள். மரத்தூசு மூக்குப் புற்றுநோயுடன் தொடர்புடையது. ஆணி ஏறினால் ஏற்புவலி வரலாம். இந்நாட்டில் ஐந்து ஏற்பு ஊசிகள் போட்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. போர்க்காலத்தில் வெளிக்கிட்ட எம்மில் பலரிடம் ஊசி அட்டையே இல்லை. உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டு நிச்சயப்படுத்துங்கள்.

இனி மனிதர் படுக்கும் அறைக்கு வருவோம். கடந்த குளிர்காலத்தில் ஒரு மாணவர் இரண்டு மாதமாக மாறாத இருமலுடன் வந்தார். அவரது அனுமதியுடன் எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் குறை இல்லை. “எங்கே தம்பி இருக்கிறீர்?” என்று கேட்டேன். “வீட்டுக்கார அங்கிள் பின்வளவில அடிச்ச அறையில, டொக்டர்” என்றார். பலெற் சுவர், உள்ளே பொலித்தீன், அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். மருந்தில் மாறாத இருமல் இடம் மாறியதும் மாறியது.

இருமலோடு போனது அவரது அதிர்ஷ்டம். காய்ந்த பலகை, இடையிடையே காற்றோடும் வெளி, பக்கத்தில் மின் ஹீற்றர்: தீப்பிடித்தால் தப்ப நேரம் இராது. இங்கிலாந்தில் 15 சதுர மீற்றருக்குக் குறைந்த தனிக் கொட்டிலுக்குப் பொதுவாகக் கட்டட விதி அனுமதி தேவையில்லை. ஆனால் அதில் எவரும் படுக்கும் வசதி இருக்கக் கூடாது.

“நாங்கள் ஊரில் இதைவிட மோசமாக இருக்கவில்லையா?” என்று சிலர் கேட்பார்கள். இருந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சியில் ஒரு தென்னங்காணியில் எங்கள் குடும்பம் தங்கியது. கிடுகு போதாமல் உரப்பைகளைத் தைத்துச் சுவராக்கினோம். பையில் என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. மருத்துவ மாணவனாக இருந்த நானும் கேட்கவில்லை. அன்று எமக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

சைக்கிளுக்கும் மண்வெட்டிக்கும் பலெற் சுவர் தாராளம். ஊரில் ஒரு தாய் கடன்பட்டு அனுப்பிய பிள்ளையை அதற்குள் படுக்கவிட்டு வாடகை வாங்குவது எமக்கு அழகல்ல.