துபாய் வேலைக்கு 'டாக்ஸ் கிடையாது'... குடும்பத்தோடு போனால் கையில் எவ்வளவு நிற்கும்? முழு விளக்கம்

"அங்க டாக்ஸே கிடையாதுப்பா, வர்ற சம்பளம் அப்படியே கைக்கு வந்துடும்." துபாய், அபுதாபியில் இருந்து வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்ததும் பல வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். அது உண்மையும்கூட. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு தனிநபர் வருமான வரி இல்லை.

ஆனால், மனைவி, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவதா, தனியாகப் போவதா என்ற முடிவை அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எடுத்தால் கணக்கு தப்பிவிடும். ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வரியில் மிச்சமாவது எவ்வளவு?

முதலில் இங்கே எவ்வளவு வரி கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, வேறு வருமானம் இல்லை என்றால், வருமான வரியே வராது. நிலையான கழிவு 75,000 ரூபாயும் இதில் அடக்கம். அதாவது மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு இங்கேயும் 'டாக்ஸ் கிடையாது'தான்.

ஆண்டுக்கு 15 லட்சம் சம்பளம் என்றால் புதிய முறையில் செஸ் சேர்த்து வரி 97,500 ரூபாய். 20 லட்சம் என்றால் 1,92,400 ரூபாய்.

ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சக்காரர் வெளிநாடு போவதால் மிச்சமாகும் வரி ஆண்டுக்குச் சுமார் 4,240 திர்ஹாம். துபாயில் குடும்பத்தோடு வாழும் வீட்டுக்கு இது ஒரு மாத வாடகைக்கே பத்தாமல் போகலாம். லாபம் இருந்தால் அது சம்பள உயர்வில் இருந்துதான் வர வேண்டும்.

ஒரு மாதக் கணக்கு

திருச்சியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு துபாயில் மாதம் 12,000 திர்ஹாம் ஆஃபர் என்று வைத்துக்கொள்வோம். ரூபாயில் 2.76 லட்சம். கேட்கவே நன்றாக இருக்கிறது. மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளோடு போனால் செலவு எப்படி இருக்கும்? கீழே இருப்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள். ஏரியா, பள்ளியைப் பொறுத்து கூடும், குறையும்.

வாடகை ஆண்டுக்கு 60,000 - மாதம் 5,000 திர்ஹாம்
துபாய் மாநகராட்சியின் வீட்டுக் கட்டணம், ஆண்டு வாடகையில் 5% - 250
இரண்டு பிள்ளைகளுக்கு பள்ளிக் கட்டணம், பஸ் - 2,000
கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், போன் - 1,000
மளிகை, போக்குவரத்து - 2,500
குடும்பத்தின் விசா, மருத்துவக் காப்பீடு - 500
வருடம் ஒருமுறை ஊருக்கு வர நான்கு டிக்கெட் - 500

மொத்தம் 11,750. மிச்சம் 250 திர்ஹாம்தான். ரூபாயில் 5,750. ஊரில் ஹோம் லோன் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் அதற்கே பற்றாது.

அதே ஆள் தனியாகப் போய், ஷேரிங் ரூமில் தங்கி, எல்லாச் செலவுக்கும் 3,200 திர்ஹாமில் சமாளித்தால் 8,800 மிச்சம். ரூபாயில் 2 லட்சத்துக்கு மேல். ஊரில் குடும்பம் நடத்தும் செலவு போகவும் நல்ல தொகை நிற்கும். குழந்தைகள் வளரும் வயதில் அப்பா பக்கத்தில் இல்லை என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை. இதில் எது பெரிது என்பதை அந்தந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய முடியும். மனைவிக்கு இங்கே வேலை இருந்தால் அந்தச் சம்பளம் நின்றுபோவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கணவர் விசாவில் இருந்துகொண்டே அனுமதி வாங்கி அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் வேலை கிடைக்கும் வரை ஒரே சம்பளம்தான்.

போய் இறங்கியதும் ஆகும் செலவு

துபாயில் வாடகை மாதாமாதம் கொடுக்கும் பழக்கம் குறைவு. ஆண்டு வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு என காசோலைகளாக முன்கூட்டியே கொடுப்பதுதான் வழக்கம். 60,000 திர்ஹாம் வீட்டுக்கு நான்கு காசோலை என்றால் முதல் காசோலை 15,000. டெபாசிட், புரோக்கர் கமிஷன் தலா 5% என்றால் 6,000. மின்சார, குடிநீர் இணைப்புக்கான டெபாசிட் 2,000. மொத்தம் 23,000 திர்ஹாம், அதாவது 5 லட்சம் ரூபாய்க்கு மேல், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே தேவைப்படலாம்.

குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய குறைந்தபட்சம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். 'எஜாரி' எனப்படும் வாடகைப் பதிவும் கேட்பார்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாக சான்றொப்பம் வாங்க வேண்டும். இதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது கம்பெனியின் கடமை. மனைவி, பிள்ளைகளுக்கு எடுப்பது துபாயில் ஸ்பான்சர் செய்பவரின் பொறுப்பு. கம்பெனி குடும்பத்துக்கும் தருகிறதா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே பார்க்க வேண்டும்.

எந்தத் தேதியில் கிளம்புவது?

பலர் கவனிக்காத விஷயம் இது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் என்ஆர்ஐ ஆகக் கருதப்படுவார். நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவதால், செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் கிளம்புபவருக்கும் நவம்பரில் கிளம்புபவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நவம்பரில் போனால் அந்த ஆண்டு முழுவதும் இந்தியாவில் வசிப்பவர் என்றே கணக்கு. அப்போது மார்ச் வரை துபாயில் வாங்கிய சம்பளமும் இங்கே வரிக்கணக்கில் வரலாம். இரு நாட்டு ஒப்பந்தப்படி விலக்கு கிடைக்குமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என்ஆர்ஐ ஆன பிறகும் இந்திய வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டால் வாடகைக்கு வரி. என்ஆர்ஐ-க்கு வாடகை கொடுப்பவர் 30% வரியும் செஸ்ஸும் பிடித்துவிட்டுத்தான் தர வேண்டும். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது கட்டாயம். அதில் வரும் வட்டிக்கும் வரி உண்டு. வெளிநாட்டுச் சம்பளத்தைப் போடும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. பிபிஎஃப் கணக்கு இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது.

இந்திய வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு 2020 பட்ஜெட்டில் கூடுதல் விதிகள் வந்தன. அவர்கள் ஊருக்கு வந்து தங்கும் நாட்களை எண்ணியே திட்டமிட வேண்டும்.

வேலை போனால்?

குடும்பத்தின் விசா, ஸ்பான்சர் செய்பவரின் விசாவோடு பிணைந்தது. வேலை போய் அந்த விசா ரத்தானால், கொடுக்கப்படும் அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டும். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்பது இப்படித்தான்.

அங்கே நம்மூர் பிஎஃப் போல ஏற்பாடு வெளிநாட்டவருக்குப் பொதுவாகக் கிடையாது. அதற்குப் பதில் வேலையை விடும்போது கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். இங்கேதான் ஆஃபர் லெட்டரை உற்றுப் பார்க்க வேண்டும். 12,000-ல் அடிப்படைச் சம்பளம் 8,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 28,000 திர்ஹாம் கிடைக்கும். 5,000 என்றால் 17,500தான். மொத்தச் சம்பளம் ஒன்றுதான், கடைசியில் கைக்கு வருவது வேறு.

2023 முதல் வேலையிழப்புக் காப்பீடும் கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரை இருப்பவர்களுக்கு பிரீமியம் மாதம் 5 திர்ஹாம். குறைந்தது 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 60% கிடைக்கும். இதற்கும் அடிப்படைச் சம்பளம்தான் அளவுகோல்.

பிள்ளைகள் படிப்பு

துபாயில் சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில். 10, 12-ம் வகுப்புக்கு நடுவில் இடம் மாற்றுவது சிரமம். வெளியில் படித்துவிட்டு தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் கவுன்சலிங்குக்கு வரும்போது இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கான ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

அமீரகத்தில் புரொபேஷன் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதுவரை தனியாகப் போய் வேலை நிலைக்கிறதா, வாடகை உண்மையில் எவ்வளவு, எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஏப்ரலில் பள்ளி திறக்கும்போது குடும்பத்தை அழைத்துக்கொள்வது ஒரு வழி. செப்டம்பருக்குள் கிளம்பினால் வரிக்கணக்கும் இதோடு ஒத்துப்போகும்.

அதற்கு முன், கையெழுத்துப் போடும்போதே கம்பெனியிடம் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? பள்ளிக் கட்டணத்தில் பங்கு தருவார்களா? ஊர் வர டிக்கெட் ஒருவருக்கா, நாலு பேருக்கா? மேலே சொன்ன கணக்கில் பள்ளிக் கட்டணத்தில் பாதியையும் டிக்கெட்டையும் கம்பெனி ஏற்றாலே, மாத மிச்சம் 250-ல் இருந்து 1,750 திர்ஹாமாக உயரும். வரியில் மாதம் மிச்சமாவது சுமார் 350 திர்ஹாம்தான்.