ஐம்பது பிள்ளைகளுக்கு என்ன நிர்வாகம்?

“ஐம்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் நிர்வாகம் என்று என்ன இருக்கிறது? அதற்கொரு தலைமையாசிரியர், அவருக்கொரு எழுத்தர், போதாததற்குத் தலைமைப் பயிற்சி வேறா?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிரம்ப உண்டு. அவர்கள் கல்வியில் அக்கறையற்றவர்கள் அல்லர். வரிப்பணம் வீணாகக் கூடாதே என்னும் நியாயமான கவலையும், தாம் படித்த காலத்தில் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்த்தார் என்னும் பசுமையான நினைவும் கலந்து பிறந்த அபிப்பிராயம் அது. ஆகையால் ஏளனம் செய்து தள்ளாமல், அதிலடங்கிய வாதங்களை எடுத்துப் பார்ப்பதே மரியாதை.

பள்ளி சிறிதானால் வேலையும் சிறிது என்பது முதல் வாதம். கற்பிக்கும் வேலை பிள்ளைகளின் தொகைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் என்பது ஓரளவு மெய்தான். நிர்வாக வேலையின் சுபாவம் அப்படிப்பட்டதன்று. ஐம்பது பேர் படித்தாலும் ஐந்நூறு பேர் படித்தாலும் சேர்க்கை நீக்கப் பதிவேடு இருந்தே தீர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுதியாக வேண்டும். 1982 முதல் நடந்துவரும் சத்துணவுக்கும் 2022 இல் தொடங்கிய காலை உணவுக்கும் தலை எண்ணிச் சொல்லியாக வேண்டும். பாடநூலும் சீருடையும் வந்து இறங்கினால் சரிபார்த்துக் கையெழுத்திட்டாக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் இவற்றில் பாதியைப் பார்த்துக்கொள்ள இளநிலை உதவியாளர் என்றொருவர் உண்டு. தொடக்கப் பள்ளியிலோ அவரும் தலைமையாசிரியரே. மணியடிப்பவரும் பல ஊர்களில் அவரே. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதுமென்றும், பிள்ளைகள் 150க்கு மேற்பட்டால்தான் ஐந்து ஆசிரியருக்குப் புறம்பாகத் தலைமையாசிரியர் ஒருவர் வேண்டுமென்றும் வகுத்திருக்கிறது. எனவே ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் என்பது தனி வேலையன்று. பாதிப் பள்ளிக்குப் பாடம் நடத்துகிறவர் தலைமேல் ஏற்றி வைத்த இன்னொரு சுமை.

நான் நன்கறிந்த ஒரு கிராமத்துப் பள்ளியில், மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்க, தலைமையாசிரியர் கரும்பலகையில் வகுத்தல் கணக்கொன்றை எழுதி முதல் படியை முடிக்கும் தறுவாயில் கைபேசி ஒலித்தது. “எச்.எம். சார், அந்த விவரம் இன்னும் வரலையே, பதினோரு மணிக்குள்ள ஏத்திடுங்க” என்றது குரல். உள்ளே சிக்னல் கிடைக்காது; வேப்பமரத்தடிக்குப் போனால்தான் உண்டு. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஸ்கேலைக் கையிலேந்திக் காவலுக்கு நின்றாள். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்தக் கணக்கு, முதல் படியோடு அப்படியே பலகையில் இருந்தது.

அந்தச் சிறுமியைக் கண்டதும் எனக்கு இரண்டாவது வாதம் நினைவுக்கு வந்தது. அக்காலத்து வாத்தியார் தன்னந்தனியாகச் சமாளித்தாரே என்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருபோதும் தனித்திருந்ததில்லை. அவருக்குச் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையைச் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1797 இல் அதைப் பற்றி நூலெழுதி இங்கிலாந்தில் பரப்ப, அது அங்கே ‘மதராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. துணையோடு நடந்த ஒன்றைத் துணையின்மைக்குச் சாட்சியாக அழைப்பது விநோதமான தர்க்கம். மேலும், அந்த உபாத்தியாயர் எந்த அலுவலகத்துக்கும் எந்தப் படிவமும் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை!

கணினி வந்துவிட்டதே, வேலை குறைந்திருக்குமே என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. காகிதம் போய் எமிஸ் என்னும் இணையவழிப் பள்ளித் தகவல் பதிவு வந்திருந்தால் குறைந்திருக்கும். காகிதம் அப்படியே இருக்க எமிஸ் அதன்மேல் வந்து அமர்ந்தது. வருகையைப் பதிவேட்டிலும் குறித்து, செயலியிலும் ஏற்ற வேண்டியிருந்த காலமும் உண்டு.

இருபது ஆண்டு பாடம் சொன்ன அனுபவம் போதாதா, தலைமைக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்பது அடுத்த வாதம். இதுவே மற்றவற்றிலும் வலுவுடையது. அனுபவத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பை நடத்தும் வித்தை வேறு; புதிதாய் வந்த ஆசிரியையின் வகுப்பில் அமர்ந்து அவர் மனம் நோகாமல் குறை சொல்லும் வித்தை வேறு; பிள்ளையைப் பருத்தி எடுக்க அழைத்துப்போன தந்தையிடம் பேசித் திருப்பி அழைத்து வரும் வித்தை வேறு. வெள்ளிக்கிழமை இடைநிலை ஆசிரியராக வீட்டுக்குப் போனவர், முன்னுரிமைப் பட்டியலில் பெயர் வந்தமையால் திங்கட்கிழமை வேறோர் ஊரில் சாவிக்கொத்தையும் பதிவேட்டுக் கட்டையும் ஒப்புக்கொள்கிறார். அவ்வளவே அவருடைய தீட்சை. பயிற்சிகள் நடக்காமலில்லை, புது தில்லியில் தேசிய அளவில் இதற்கென ஒரு மையமே இருக்கிறது. எனினும் சில நாள் கூடத்தில் கேட்ட உரையைவிட, முதல் ஆண்டு முழுதும் மாதம் ஒருமுறை வந்து பக்கத்தில் அமரும் அனுபவசாலியான மற்றொரு தலைமையாசிரியர் அதிகப் பயன்படுவார். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் சரிபார்க்க வருகிறவர்களே; சொல்லித்தர வருகிறவர்கள் அல்லர்.

எஞ்சியிருப்பது பணம். இருபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் ஓர் எழுத்தர் என்றால் அது ஊதாரித்தனமே. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது செலவே ஆகவில்லை என்று நினைப்பதுதான் பிசகு. அந்த எழுத்தரின் சம்பளம் இன்றும் கொடுக்கப்பட்டே வருகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாடவேளையிலிருந்து அதைக் கொடுக்கிறார்கள். தலைமையாசிரியர் ஒரு நாள் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழுகிறது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளை இணைக்கும் ஒரு குறுவள மையத்தின் கீழ் வரும் பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரையும், முறைவைத்துச் சுற்றிவர ஒரு மாற்றாசிரியரையும் அமர்த்துவது புதுமையான யோசனையும் அன்று. ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலை வட்டாரக் கல்வி அலுவலகமே மொத்தமாகத் தயாரிக்கிறது. அதை அந்தந்தத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்ளட்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.