முதியோர் இல்லத்தில் மருத்துவ ஆராய்ச்சி: யாரைக் கேட்டு?

ஒரு முதியோர் இல்லத்தில் மருத்துவ ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டால் நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. "கடைசிக் காலத்திலாவது அவர்களை நிம்மதியாக விடக்கூடாதா? சோதனை எலிகளாக்க வேண்டுமா?" என்று கேட்போம். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. ஆனால் கோபத்தோடு நாம் நின்றுவிட்டால், அதே முதியோருக்கு இன்னொரு அநீதி நேர்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் இன்று சற்றுச் சிந்திப்போம்.

1963ம் ஆண்டு ஜூலை மாதம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், நாள்பட்ட நோயாளருக்கான யூத மருத்துவமனை ஒன்றில், 22 நோயாளரின் உடலில் உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள், தளர்ந்தவர்கள். நலிந்த உடல் இந்த அணுக்களை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்று அறிவதே ஆராய்ச்சியின் நோக்கம். ஆராய்ச்சியை நடத்திய மருத்துவர் செஸ்டர் சவுத்தம், இதே போன்ற சோதனையை முன்பு ஒஹாயோ மாநிலச் சிறையில் தாமாக முன்வந்த கைதிகளிடம் செய்திருந்தார். அவர்களுக்குச் செலுத்தப்படுவது புற்றுநோய் அணுக்கள் என்று சொல்லப்பட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்த முதியோருக்கோ அந்தச் சொல்லே சொல்லப்படவில்லை. 'புற்றுநோய்' என்ற சொல் அவர்களை வீணாகப் பயமுறுத்தும் என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம்.

இதில் பங்கேற்க அம்மருத்துவமனையின் இளம் மருத்துவர்கள் மூவர் மறுத்து, பதவி விலகினர். நிர்வாகக் குழுவிலிருந்த வழக்கறிஞர் ஒருவர், ஆவணங்களைப் பார்வையிட நீதிமன்றத்துக்கே போனார். அதன்பின் செய்தி வெளியானது. சவுத்தமும் மருத்துவமனையின் மருத்துவ இயக்குனரும் தொழில் நெறி தவறியவர்கள் என்று நியூயார்க் மாநில அதிகாரிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் உரிமத்தை ஓராண்டு முடக்கும் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, அவர்கள் கண்காணிப்பில் மட்டும் வைக்கப்பட்டனர். சில ஆண்டுகளில் சவுத்தம் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராகவும் ஆனார்.

மனிதரிடம் சோதனை செய்ய அவருடைய விருப்பமான சம்மதம் வேண்டும் என்ற நெறி அப்போது தெரியாத ஒன்றல்ல. நாத்சி மருத்துவர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947லேயே அதை வகுத்துவிட்டது. திருத்தந்தை 12ம் பயஸ், 1952ம் ஆண்டு செப்டம்பரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், நோயாளர் தருகின்ற உரிமைக்கு மேல் மருத்துவருக்கு அவர்மீது உரிமை இல்லை என்று தெளிவுபடுத்தினார். அறிவியல் வளர்ச்சி, சமுதாய நன்மை ஆகியவை உயர்ந்தவையே. ஆயினும் அவற்றின் பெயரால் இந்த எல்லையைத் தாண்ட முடியாது என்பது அவரது போதனை.

அப்படியானால் முதியோரை ஆராய்ச்சியிலிருந்து முற்றிலும் விலக்கி வைப்பதுதான் பாதுகாப்பா? இங்கேதான் இரண்டாவது அநீதி தொடங்குகிறது. பல மருந்துகள் நடுத்தர வயதினரிடமும், வேறு நோய்கள் அதிகமில்லாதவரிடமும் சோதிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றை அதிகம் உட்கொள்பவர்கள் முதியோரே. அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு அமெரிக்காவில் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு 2023லும், டொனானெமாப் என்ற மருந்துக்கு 2024லும் முழு அனுமதி கிடைத்தது. இரண்டும் நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடமே சோதிக்கப்பட்டன, அவர்களுக்கே உரியவை. நோய் முற்றி, பிள்ளைகளின் முகம்கூட மறந்து, இல்லத்தில் படுக்கையில் இருப்பவருக்கு அந்தச் செய்தியில் இடமில்லை. அவருக்காக யார் ஆராய்வது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், யூத சமூகத்தினர் 1903ல் தொடங்கிய முதியோர் இல்லம் ஒன்று உண்டு. இன்று அது ஹீப்ரு மறுவாழ்வு மையம் என்ற பெயரில், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து, முதுமை பற்றிய ஆராய்ச்சி நிலையத்தையும் நடத்துகிறது. அங்குள்ள மருத்துவர்கள் தலைமையேற்ற இரண்டு ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, விழுந்து இடுப்பெலும்பு முறிவது பற்றியது. இடுப்பின் இருபுறமும் மெத்தை வைத்த உள்ளாடை முறிவைத் தடுக்கும் என்று பலர் நம்பினர். 37 இல்லங்களைச் சேர்ந்த 1042 முதியோர் இந்த ஆய்வில் பங்கேற்றனர். அவர்களது சராசரி வயது 85. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் மட்டும் மெத்தை வைத்த ஆடை தரப்பட்டது. 2007ல் முடிவு வெளியானது. மெத்தை இருந்த பக்கத்தில் 3.1 விழுக்காடும், இல்லாத பக்கத்தில் 2.5 விழுக்காடும் எலும்பு முறிவு. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாக இருக்கலாம் என்றாலும், அந்த ஆடையால் பயன் எதுவும் தெரியவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது, முடிவும் மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது. இதுவும் முதியோருக்குச் செய்த சேவைதான். பயனற்ற ஒன்றை வாங்கி, நாள் முழுவதும் அணிந்து அவதிப்படுவதிலிருந்து பலரை அது காப்பாற்றும்.

இரண்டாவது ஆய்வு மறதி நோய் முற்றிய 323 பேரை, 22 இல்லங்களில் 18 மாதங்கள் பின்தொடர்ந்தது. 2009ல் வெளியான அதன் முடிவுப்படி, அவர்களில் 54.8 விழுக்காட்டினர் அக்காலத்தில் இறந்தனர். 85.8 விழுக்காட்டினருக்கு உணவு உண்பதில் சிக்கல் ஏற்பட்டது. மறதி நோய் வெறும் ஞாபகக் குறைவல்ல, உயிரை எடுக்கும் நோய் என்பதை அது உலகுக்குக் காட்டியது. இன்னொன்றையும் அது கண்டது. நோயின் போக்கை உணர்ந்திருந்த குடும்பத்தாரின் பெற்றோர், இறுதி மூன்று மாதங்களில் மருத்துவமனைக்கு அலைக்கழிக்கப்படுவது, குழாய்வழி உணவு போன்ற சுமைகளுக்கு மிகக் குறைவாகவே உட்பட்டனர். இங்கே நமக்கு ஒரு கேள்வி எழலாம். உணவும் நீரும் தருவது பொதுவாக நம் கடமை என்றே திருச்சபை போதிக்கிறது. உடல் அவற்றை ஏற்கவே இயலாத நிலையில் அக்கடமை நின்றுவிடுகிறது என்றும் அதுவே சொல்கிறது. எந்த நிலையில் இருக்கிறார் நம் தாய் என்று தெரியாமல் இந்தப் போதனையை எப்படிக் கடைப்பிடிப்பது? அந்தத் தெளிவைத் தருவது இத்தகைய ஆராய்ச்சிதான்.

ஆகவே, முதியோரிடம் ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்பதோடு நாம் நிறுத்திவிட முடியாது. யாரைக் கேட்டு, யாருடைய நன்மைக்காக என்பதே கேள்வி. உலக மருத்துவச் சங்கம் 1964ல் வெளியிட்டு, பலமுறை திருத்தியுள்ள ஹெல்சிங்கி அறிக்கை இதற்கு வழி காட்டுகிறது. சம்மதம் தர இயலாதவருக்காக உரிமையுள்ள ஒருவர் சம்மதிக்கலாம். ஆனால் அந்த ஆய்வு அவருக்கோ, அவரைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கோ பயன்பட வேண்டும். மகன் கையெழுத்திட்டிருந்தாலும், தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த மறுப்பை மதிக்க வேண்டும்.

காகிதத்தில் இது எளிது. இல்லத்தில் அவ்வளவு எளிதல்ல. நமக்குச் சோறூட்டி, துணி மாற்றி, மாத்திரை தரும் கைகளே ஒரு படிவத்தையும் நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சொன்னால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். ஆகவே, பணிவிடை செய்பவர் வேறு, சம்மதம் கேட்பவர் வேறு என்று இருப்பது நல்லது. மறுத்தாலும் கவனிப்பில் ஒரு குறையும் வராது என்பதை முதியவர் தம் காதால் கேட்க வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு. நம் பெற்றோர் ஓர் இல்லத்தில் இருந்து, அவர்களுக்காகக் கையெழுத்திடும் நிலை வந்தால், சில கேள்விகளைத் தயங்காமல் கேட்போம். எதை அறிய இந்த ஆய்வு? என்ன வலி, என்ன ஆபத்து? அறநெறிக் குழு இதற்கு ஒப்புதல் அளித்திருக்கிறதா? இடையில் விலகலாமா? முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? இவற்றோடு, "என் விருப்பம் என்ன" என்பதற்குப் பதில், "அம்மாவுக்கு நினைவு இருந்தால் என்ன சொல்லியிருப்பார்" என்றும் நம்மையே கேட்போம். பெற்றோரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை அவர்களது நினைவு மங்கியதும் காலாவதியாவதில்லை.

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், அவர்கள் பேசக்கூடிய நாளில் நாம் பேசியிருக்க வேண்டும். எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், பிறருக்குப் பயன்படும் ஆய்வு என்றால் சம்மதமா என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். கேட்கத் தயங்குவது பெரும்பாலும் நாம்தான். பல பெற்றோரிடம் பதில் எப்போதோ தயாராக இருக்கிறது.