மீன்காட்சியகத்தில் ஒரு மணி நேரம்

நோயுற்றவரை வெளியே அழைத்துச் செல்வதென்றால் அது மருத்துவமனைக்கு மட்டுமே என்பது நம் இல்லங்களில் எழுதப்படாத விதியாகிவிட்டது. மருத்துவர் தடை சொல்லாதபோது அவ்விதியை ஒரு நாளேனும் தளர்த்த வேண்டும் என்பதே என் கருத்து.

பக்கவாதத்திலிருந்து மெல்ல மீண்டுவந்த என் தந்தையாரை, மருத்துவரின் ஒப்புதல் பெற்று, உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். சிற்பங்களைச் சுற்றிப் பார்க்க நெடுந்தொலைவு நடக்க வேண்டும். வெயிலும் கடுமையாக இருந்தது. ஆகவே சிறியதொரு மீன்காட்சியகத்திற்குள் நுழைந்தோம்.

வயிரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் எங்கள் ஊர் ஏரியின் கரையில் வளர்ந்தவர் அவர். கண்ணாடித் தொட்டியிலிருந்த வண்ண மீன்களை நெடுநேரம் நோக்கிவிட்டு, “இங்கே விரால் இல்லையே!” என்றார். பல வாரங்களுக்குப் பின், மருந்தையும் வலியையும் சாராமல் அவர் பேசிய முதற்சொற்கள் அவை. தொடர்ந்து, கெண்டைக்கும் கெளுத்திக்கும் தூண்டிலிட்ட இளமைக் கதைகள் தட்டுத் தடுமாறி வந்தன. அதுவரை நோயாளியாகவே நான் கண்டவர், அன்று மீண்டும் என் தந்தையாகத் தெரிந்தார்.

இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள தேசியக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், மீன்தொட்டியைப் பார்த்தோரின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்தமை அறியப்பட்டது. தொட்டியில் மீன்கள் பெருகியபோது அவர்கள் கூடுதல் நேரம் நின்று பார்த்தனர். இதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. மனத்திற்கு வாய்த்த ஓய்வாகக் கொள்ளலாம்.

அவ்வோய்வு, பேணுவோருக்கும் உரியது. கோமாளி மீன் இனத்தில் முட்டைகளைப் பெரிதும் காப்பது ஆண் மீனே. துடுப்பால் விசிறி, வாயால் தூய்மை செய்து, குஞ்சு பொரியும்வரை அருகிலேயே இருக்கும். ஆயினும் அதுவும் இடையிடையே இரை தேடிக்கொள்கிறது. தம் பசியையும் களைப்பையும் மறந்து பணிவிடை செய்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

1909இலேயே சென்னை மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் கண்ட மாநிலம் நம்முடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. இன்று நமக்கு வேண்டுவன பிரம்மாண்டக் கூடங்கள் அல்ல. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும், அமர்ந்து காண இருக்கைகளும், தூய கழிவறையும் உடைய சிறு காட்சியகங்கள் கடலோர ஊர்தோறும் அமைந்தால் போதும்.

செல்ல விரும்புவோர் மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக. காலைப் பொழுதையும் கூட்டமில்லாத நாளையும் தேர்ந்தெடுங்கள். வேளை மருந்தும் குடிநீரும் உடனிருக்கட்டும். தொட்டி நீரில் கை வைக்க வேண்டா. அனைத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டா. ஒரே தொட்டியின் முன் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தாலும் அந்தப் பயணம் நிறைவானதே.