தள்ளாட்டம் வழக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

2016 ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டர் ஓடி, மலேசியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தவர் முகமட் ரிட்சுவான் முகமட் புசி. பெருமூளை வாதம் உள்ளவர். ‘இவர்களுக்கு எதற்கு விளையாட்டு?’ என்று இனி யாராவது கேட்டால், அவர் பெயரைச் சொன்னால் போதும்.

சரி, ஓடுகளத்தை விட்டு மலைக்கு வருவோம். பங்சார் மேட்டில் காலையில் ஓடிப் பழகும் உங்கள் குழு கினபாலுவுக்குக் கிளம்புகிறது. பெருமூளை வாதமோ முதுகுத்தண்டுக் காயமோ உள்ள நண்பர், “நானும் வருகிறேன்” என்கிறார். தாராளமாக வரட்டும். ஆனால் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொண்டு போங்கள்.

கினபாலு ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரம். அன்றிரவே படுக்கை சுமார் 3,270 மீட்டரில், பனாலாபானில். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கிள்ளானில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உச்சியோ 4,095 மீட்டர். தலைவலி, குமட்டல், களைப்பு என்று மலைநோய் யாருக்கும் வரலாம். நன்றாக ஓடுகிறவர் என்பதற்காக அது விட்டுவிடாது.

நோய் முற்றி மூளை வீங்கினால் நடை தள்ளாடும். குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பெருமூளை வாதம் உள்ள பலருக்குச் சமதரையிலேயே அது முடியாது. அதனால்தான் ஆபத்து. “அவர் எப்போதும் இப்படித்தானே நடப்பார்” என்று கூட வந்தவர்கள் இருந்துவிடுவார்கள்.

முதுகுத்தண்டில் மேல்பகுதி அடிபட்டவருக்குச் சிக்கல் வேறு மாதிரி. சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் திடீரென ஏறித் தலை வெடிப்பதுபோல் வலிக்கும். மலைநோய் என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் சிறுநீர் வெளியேற வழிசெய்ய வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நல்லதல்ல.

என்ன செய்யலாம்? கிளம்புவதற்கு முன் அவருடைய வழக்கமான நடையையும் பேச்சையும் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வையுங்கள். மலையில் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏற வேண்டாம். தள்ளாட்டமோ குழப்பமோ கூடினால், விடியும்வரை காத்திருக்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லி இறக்குங்கள். ஏறுவதற்கு முந்தைய இரவு கினபாலு பூங்காவில் தங்கினால் உடல் கொஞ்சம் பழகும். மலைநோய்க்குத் தரும் அசெட்டசோலமைடு சிறுநீரை அதிகமாக்கும். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

உச்சிக்குக் கிளம்புவது அதிகாலை இரண்டு, இரண்டரை மணிக்கு. இருட்டு, குளிர், எல்லாருக்குமே கால் தடுமாறும் நேரம். அவரைக் கவனிப்பது யார், எந்த நிலையில் திரும்புவது என்பதை அவரையும் உட்காரவைத்துப் பேசி, வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.